கையில் காசா, கணக்கில் சம்பளமா?

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிய வீடுகளில் இரண்டு கேள்விகள் ஓயாமல் கேட்கப்படுகின்றன. படிப்பு எப்போது முடியும் என்பது ஒன்று. மாதம் எவ்வளவு அனுப்புகிறார் என்பது மற்றது. முதலாவது கேள்வியை உறவினர் கேட்பார்கள். இரண்டாவது கேள்வியைக் கடன் கொடுத்தவரும், நகை அடகு பிடித்தவரும், சில வேளைகளில் பெற்ற தாயுமே கேட்க வேண்டியிருக்கிறது.

மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து ஒரு தாய் இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டே ஒரு கடையில் பகுதி நேரமாக வேலை செய்கிறார். "கஷ்டப்பட்டு உழைக்கும் காசில் வரி என்று வெட்டுகிறார்கள். மகளோடு ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளை வேறோர் இடத்தில் வரி எதுவும் இல்லாமல் கையிலேயே காசு வாங்குகிறாராம். என் மகளையும் அங்கு மாறச் சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். எங்கள் நாட்டில் கூலிக்கு வேலை செய்த எவருக்கும் கையில் வரும் காசுதான் காசு. கடதாசியில் வெட்டப்படுவது நட்டம். ஆனால் வேற்று நாட்டில் மாணவர் வீசாவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அந்தத் தாய்க்கு என் பதில், வேண்டாம் என்பதே. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகள் பல நாடுகளுக்குப் போகிறார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கே அவுஸ்திரேலியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எத்தனை மணித்தியாலம்?

மாணவர் வீசாவில் இருப்பவர், படிப்பு நடைபெறும் காலத்தில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலங்கள் வரை வேலை செய்யலாம். முன்பு இது 40 மணித்தியாலமாக இருந்தது. கொரோனாக் காலத்தில் ஆட்கள் போதாமல் தளர்த்தப்பட்டு, 2022 ஜனவரியில் கட்டுப்பாடு முற்றாக நீக்கப்பட்டது. 2023 ஜூலை 1ஆம் திகதி முதல் 48 மணித்தியாலம் என்ற எல்லை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடற்ற அந்தக் காலத்தில் போன அண்ணாவோ அக்காவோ "நாங்கள் எவ்வளவும் வேலை செய்தோம், ஒரு பிரச்சினையும் வரவில்லை" என்று சொன்னால், அந்தப் புத்திமதியை இன்று போகும் பிள்ளை பின்பற்ற முடியாது.

இந்த இரண்டு கிழமை என்பது ஒரு திங்கட்கிழமையில் தொடங்கும் எந்த 14 நாட்களையும் குறிக்கும். முதற் கிழமை 30 மணித்தியாலம் செய்தால் அடுத்த கிழமை 18 மணித்தியாலத்தோடு நிற்க வேண்டும். பாடநெறி தொடங்கும் முன் வேலை செய்யக் கூடாது. பல்கலைக்கழக விடுமுறைக் காலத்தில் எல்லை இல்லை. ஆராய்ச்சி மூலம் முதுமாணிப் பட்டமோ கலாநிதிப் பட்டமோ படிப்பவருக்கும், அந்தப் படிப்புத் தொடங்கிய பின், எல்லை இல்லை. சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் இந்த 48 மணித்தியாலத்துக்குள்தான் அடங்கும். இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டியே கணக்கெடுக்க வேண்டும்.

வரி உண்மையில் எவ்வளவு?

வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் அவுஸ்திரேலிய வரி அலுவலகத்தில் வரிக் கோப்பு இலக்கம் ஒன்றைப் பெற வேண்டும். ஒன்பது இலக்கங்கள் கொண்ட இது ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையே கிடைக்கும். அந்த நாட்டில் போய் இறங்கிய பின் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு சதமும் செலவில்லை. இதை எடுத்துத் தருவதற்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இந்த இலக்கத்தை வேலைக்குச் சேர்ந்து 28 நாட்களுக்குள் தொழில் தருநரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சம்பளத்தில் 47 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படும். "பாதிச் சம்பளத்தை வரியாக வெட்டிவிட்டார்கள்" என்று தொலைபேசியில் அழும் பிள்ளைகள் சிலரின் கதை இதுதான். அந்தக் காசு தொலைந்துபோவதில்லை. வருட முடிவில் வரி விபரத்தைச் சமர்ப்பிக்கும்போது மேலதிகமாகப் பிடித்தது திரும்பி வரும்.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பாடநெறியில் சேர்ந்து அங்கேயே தங்கிப் படிக்கும் மாணவர், வரி விடயத்தில் பொதுவாக அந்த நாட்டில் வதிபவராகவே கொள்ளப்படுகிறார். இது எங்கள் பிள்ளைகளுக்கு நன்மை. ஏனெனில் வதிபவருக்கு வருடத்தில் முதல் 18,200 டொலருக்கு வரியே கிடையாது. 2025-26 நிதியாண்டில் அதற்கு மேல் 45,000 டொலர் வரையான வருமானத்துக்கு 16 சதவீதம் வரி. அந்த வரியிலும் குறைந்த வருமானமுள்ளவருக்கு 700 டொலர் வரை கழிவு உண்டு.

அதே நிதியாண்டில் வளர்ந்தவருக்கான தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 24 டொலர் 95 சதம். எங்கள் வாசகியின் மகள் கிழமைக்கு 24 மணித்தியாலம், வருடம் முழுவதும் ஒரு கிழமை கூட விடாமல் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு 598 டொலர் 80 சதம். வருடத்துக்கு ஏறத்தாழ 31,137 டொலர். முதல் 18,200ஐக் கழித்து மீதிக்கு 16 சதவீதம் போட்டால் 2,070 டொலர். அதில் 700ஐக் கழித்தால் வரி 1,370 டொலர். கிழமைக் கணக்கில் பார்த்தால் 26 டொலர் சொச்சம்.

பக்கத்து அறைப் பிள்ளையின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். வரி பிடிக்காமல் கையில் காசு கொடுப்பவர் சட்டப்படியான சம்பளத்தைக் கொடுப்பது அபூர்வம். மணித்தியாலத்துக்கு 18 டொலர் கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டால் 24 மணித்தியாலத்துக்கு 432 டொலர். எங்கள் வாசகியின் மகளுக்கு வரி போக மிஞ்சுவது 572 டொலர். ஆகவே 26 டொலர் வரிக்குப் பயந்து 140 டொலரை இழந்துகொண்டிருப்பவர் பக்கத்து அறைப் பிள்ளைதான். நிரந்தரமற்ற ஊழியராக எடுத்திருந்தால், சம்பள விடுமுறை இல்லாததற்கு ஈடாக, குறைந்தபட்சச் சம்பளத்தோடு மேலும் 25 சதவீதம் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். அதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிது.

இரண்டு இடங்களில் வேலை செய்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 18,200 டொலர் சலுகையை ஓர் இடத்தில் மட்டுமே கேட்கலாம். இரண்டிலும் கேட்டால் வருட முடிவில் வரி பாக்கி நிற்கும்.

எங்கள் சேமலாப நிதி போல ஒன்று

இலங்கையில் தொழில் தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதம் கட்டுகிறார், ஊழியர் தம் பங்குக்கு 8 சதவீதம் கட்டுகிறார். அவுஸ்திரேலியாவில் இதற்கு ஒத்ததைச் சுப்பர் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2025 ஜூலை 1 முதல் அதன் வீதம் 12. ஊழியரின் சம்பளத்தில் வெட்டுவதில்லை. சம்பளத்துக்கு மேலதிகமாகத் தொழில் தருநரே கட்ட வேண்டும். முன்பு மாதம் 450 டொலருக்குக் குறைவாக உழைப்பவருக்கு இது கட்டாயமில்லை. 2022 ஜூலை 1 முதல் அந்த விலக்கு நீக்கப்பட்டுவிட்டது. எனவே கிழமையில் ஒரு நாள் மட்டும் வேலை செய்யும் மாணவிக்கும் இந்த உரிமை உண்டு.

படிப்பு முடிந்து நாட்டை விட்டு வெளியேறி, வீசாவும் முடிவடைந்த பின், இந்தப் பணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பொதுவாக அதில் 35 சதவீதம் வரியாகப் போகும். மேலே சொன்ன கணக்கின்படி தொழில் தருநர் வருடத்துக்கு 3,736 டொலர் கட்டுவார். வரிகள் போக மீதி கையில் கிடைக்கும். மூன்று வருடப் படிப்பு என்றால் அது ஒரு சிறு தொகையல்ல. திரும்பி வந்த பிள்ளைகளில் இப்படியொன்று இருப்பதே தெரியாதவர்களைச் சந்தித்திருக்கிறேன். வெளியேறி ஆறு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் பணம் வரி அலுவலகத்துக்கு மாற்றப்படும். அதன் பிறகும் அங்கே கேட்டுப் பெறலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இன்றே கேளுங்கள்.

கையில் காசு வாங்கும் பிள்ளைக்கு இந்தப் பணம் எவரும் கட்டுவதில்லை.

ஒரு கடையில் தொடங்கிய கதை

காசுக் கணக்கை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2015 ஆகஸ்ட் மாதத்தில் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியின் ஃபோர் கோர்னர்ஸ் நிகழ்ச்சியும் ஃபெயார்ஃபக்ஸ் பத்திரிகைகளும் சேர்ந்து, செவன் இலவன் என்ற கடைத் தொடரில் நடந்தவற்றை வெளிக்கொண்டு வந்தன. இரவும் பகலும் திறந்திருக்கும் அந்தக் கடைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு மாணவர்கள். கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தவருக்குப் புத்தகத்தில் 20 மணித்தியாலம் என்று எழுதி, அந்த 20க்கான சம்பளத்தை மட்டும் கொடுத்தார்கள். வேறு சில இடங்களில் முழுச் சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு, அதில் ஒரு பங்கைக் காசாகத் திருப்பி வாங்கினார்கள்.

அந்த மாணவர்கள் ஏன் முறையிடவில்லை? வீசாவில் அனுமதித்த நேரத்துக்கு மேல் அவர்களை வேலை வாங்கியவரே, "நீ போய்ச் சொன்னால் நான் உன் வீசாவைப் பற்றிச் சொல்லுவேன்" என்று வெருட்டினார். எல்லையைத் தாண்ட வைத்ததும் அவர், தாண்டியதைக் காட்டி வாயை அடைத்ததும் அவர். விடயம் வெளிவந்த பின்னரே கணக்குகள் ஆராயப்பட்டு, 173 மில்லியன் டொலருக்கு மேல் ஊழியர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

இது ஒரு கடைத் தொடரோடு நின்ற பிரச்சினையல்ல. 2016இல் லோரி பேர்க், பஸீனா ஃபாபன்ப்ளம் என்ற இரண்டு சட்டத்துறைப் பெண் ஆய்வாளர்கள் 107 நாடுகளைச் சேர்ந்த 4,322 தற்காலிக வீசாக்காரரிடம் விபரம் திரட்டினார்கள். அவர்களுள் வெளிநாட்டு மாணவர்களில் நான்கில் ஒருவர் மணித்தியாலத்துக்கு 12 டொலரோ அதிலும் குறைவாகவோ பெற்றிருந்தார். அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 17 டொலருக்கு மேல்.

இவற்றின் பிறகு சட்டங்கள் மாறின. சம்பளத்தைக் கொடுத்துவிட்டு ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பது 2017இல் தடை செய்யப்பட்டது. வீசா நிலை எதுவாக இருந்தாலும் செய்த வேலைக்கான சம்பள உரிமை உண்டு என்பது 2023 ஜூலையில் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டது. ஒருவரின் வீசாவைக் காட்டி வெருட்டி வேலை வாங்குவது 2024 ஜூலை 1 முதல் குற்றமாக்கப்பட்டது. சுரண்டலை முறையிடும் ஊழியரின் வீசாவை இரத்துச் செய்யாமல் பாதுகாக்கும் ஏற்பாடுகளும் அதே மாதத்தில் பரீட்சார்த்தமாகக் கொண்டுவரப்பட்டன. வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி 1 முதல் குற்றவியல் குற்றம்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும், வேலை செய்ததற்கு ஓர் அடையாளம் வேண்டும். அந்த அடையாளம்தான் சம்பளச் சிட்டை.

சம்பளச் சிட்டை என்னும் சாட்சி

பே ஸ்லிப் என்று எல்லோரும் சொல்லும் சம்பளச் சிட்டையை, சம்பளம் கொடுத்து ஒரு வேலை நாளுக்குள் தொழில் தருநர் கொடுத்துவிட வேண்டும். தொழில் தருநரின் பெயர், எந்தக் காலத்துக்கான சம்பளம், எத்தனை மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு எவ்வளவு, வரியாகப் பிடித்தது எவ்வளவு, சுப்பருக்குப் போனது எவ்வளவு என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

ஒரு முறை எமது நிலையத்துக்கு ஒரு தாய் வந்தார். வெளிநாட்டில் படிக்கும் மகள் உணவகம் ஒன்றின் குசினியில் வேலை செய்தபோது கொதி எண்ணெய் பட்டுக் கை வெந்துவிட்டது. கடைக்காரர் எங்கள் ஆள், தமிழர். "தங்கச்சி மாதிரி" என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார். கையில் காசு கொடுத்தார். கை வெந்த பிறகு "அந்தப் பிள்ளை இங்கே சாப்பிட வந்து போனது, வேலை செய்யவில்லை" என்று சொல்லிவிட்டார். வேலையிடத்தில் காயப்பட்டவருக்கு நட்டஈடு உண்டு; கையில் காசு வாங்கியவருக்கும் உண்டு. ஆனால் தான் அங்கே வேலை செய்தேன் என்பதை அந்தப் பிள்ளை நிரூபிக்க வேண்டியிருந்தது. கைவசம் இருந்தவை தொலைபேசியில் வந்த சில செய்திகள் மட்டுமே. எத்தனை மணிக்கு வா, எத்தனை மணிக்குப் போ என்று கடைக்காரர் அனுப்பிய அந்தச் செய்திகளைத் தேடி எடுத்து அடுக்க வேண்டியதாயிற்று. கிழமைக்குக் கிழமை 26 டொலர் வரி கட்டிய ஒரு சிட்டை இருந்திருந்தால் அந்தத் தாய் அன்று அப்படி அலைந்திருக்கத் தேவையில்லை.

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தெரியாத ஊரில் எங்கள் பிள்ளை முதலில் தேடுவது எங்கள் மொழி பேசும் ஒருவரை. அவர் வேலையும் தங்க இடமும் தருவது உண்மையில் பெரிய உதவி. எத்தனையோ பேர் நேர்மையாகச் செய்கிறார்கள். ஆனால் உதவி என்ற பெயரில் தொடங்கும் வேலையில் சம்பளத்தைப் பற்றிக் கேட்பது நன்றி கெட்ட செயலாகத் தோன்றும். "அண்ணாவிடம் எப்படி ரசீது கேட்பது?" என்று பிள்ளை கூச்சப்படும். ஊரில் உள்ள பெற்றோருக்கும் அந்த அண்ணாவைத் தெரியும் என்றால் கூச்சம் இரட்டிப்பாகும். ஒழுங்காகக் கொடுப்பவருக்குச் சிட்டை கொடுப்பதில் சிரமம் எதுவும் இல்லை. அதைக் கேட்டதற்காகக் கோபிப்பவரைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

"பயிற்சி" என்று சொல்லி நாட்கணக்கில் சும்மா வேலை வாங்குவதும், "நீயே ஒரு வியாபார இலக்கம் எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லி ஊழியரை ஒப்பந்தக்காரராகக் காட்டுவதும் வழக்கத்தில் உள்ள தந்திரங்கள். கடையில் நின்று, முதலாளி சொல்லும் நேரத்துக்கு வந்து, அவர் சொல்லும் வேலையைச் செய்பவர் ஊழியர்தான். வியாபார இலக்கத்தை எடுக்க வைத்தால் சுப்பரும் விடுமுறையும் நட்டஈடும் கைநழுவும், வரியையும் அந்தப் பிள்ளையே கட்ட நேரிடும்.

மனைவியின் உழைப்பு யாருடைய பெயரில்?

கணவன் படிக்க, மனைவி துணையாகப் போகும் குடும்பங்கள் பல. மனைவி படிக்க, கணவன் துணையாகப் போவதும் இப்போது உண்டு. துணையாகப் போகிறவரும் பொதுவாக இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம் வேலை செய்யலாம். படிப்பவர் முதுமாணி அல்லது கலாநிதிப் பட்டம் படித்தால் துணைவருக்கு நேர எல்லை இல்லை.

சில குடும்பங்களில் மனைவி செய்யும் துப்புரவு வேலைக்கான காசு கணவனின் கணக்குக்கே போகிறது. வேலையும் கணவனின் பெயரிலேயே பதிவாகிறது. "இரண்டும் ஒன்றுதானே" என்பார்கள். சட்டத்தில் இரண்டும் ஒன்றல்ல. அந்த நாட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே வரி. இருவருக்கும் தனித்தனியே 18,200 டொலர் சலுகை. மனைவியின் உழைப்பையும் கணவனின் பெயரில் போட்டால் மனைவியின் சலுகை வீணாகிறது. கணவனின் வேலை நேரமும் பதிவில் இரட்டிப்பாகி வீசா எல்லையைத் தாண்டுகிறது. இன்னொருவரின் வரிக் கோப்பு இலக்கத்தில் வேலை செய்வது தன்னளவிலேயே குற்றம்.

இவற்றை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வருடக்கணக்காக உழைத்த ஒரு பெண்ணுக்கு, தான் உழைத்தேன் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லாமற் போகிறது. பிறகு ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அனுபவச் சான்று இல்லை. குடும்பத்தில் பிரிவு வந்தால் கையில் ஒன்றும் இல்லை. ஆகவே சகோதரிகளே, துணையாகப் போனாலும் வங்கிக் கணக்கும் வரிக் கோப்பு இலக்கமும் சுப்பர் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும். குடும்பத்துக்காகச் செலவழிப்பதை அதன் பிறகு இருவரும் பேசித் தீர்மானிக்கலாம்.

வருடத்தில் ஒரு முறை

அங்கே நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. வரி விபரத்தை ஜூலை 1க்கும் ஒக்டோபர் 31க்கும் இடையில் சமர்ப்பிக்க வேண்டும். அரசாங்கத்தின் இணையச் சேவையில் மாணவர் தாமாகவே, செலவில்லாமல் செய்யலாம். குறைந்த வருமானமுள்ளவருக்கு வரி அலுவலகத்தின் இலவச உதவியும் உண்டு. மெடிகெயார் என்ற அரச மருத்துவத் திட்டத்துக்காக 2 சதவீத அறவீடு ஒன்று இருக்கிறது. இலங்கையிலிருந்து செல்லும் மாணவருக்கு அந்த மருத்துவச் சேவை கிடையாதாகையால், உரிய அத்தாட்சியைப் பெற்று அந்த அறவீட்டிலிருந்து விலக்குக் கேட்கலாம். கேட்காதவருக்குத் தானாகக் கிடைக்காது.

"உங்களுக்கு வரிப்பணம் திரும்பி வருகிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று தொலைபேசியில் வரும் செய்திகளை நம்ப வேண்டாம். வரிக் கோப்பு இலக்கத்தை நண்பிக்கும் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் இருக்கும் எமக்கு

பிள்ளை கையில் காசு தேடுவதற்கு அங்குள்ள முதலாளி மட்டும் காரணமல்ல. இங்கிருந்து நாம் கேட்கும் காசும் ஒரு காரணம்.

மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள். அனுமதிக்கப்பட்ட நேரம் முழுவதும், ஒரு கிழமை கூட விடாமல், குறைந்தபட்சச் சம்பளத்துக்கு உழைத்தால் வரி போக வருடத்துக்கு மிஞ்சுவது 29,767 டொலர். தனி மாணவர் ஒருவரின் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு வேண்டியதென்று அவுஸ்திரேலிய அரசாங்கம் 2024 மே 10 முதல் நிர்ணயித்த தொகை 29,710 டொலர். மிச்சம் 57 டொலர். சற்றுக் கூடிய சம்பளம் கிடைத்தால் மிச்சமும் சற்றுக் கூடும். ஆனால் பல பட்டப்படிப்புகளுக்கு வருடக் கட்டணமே 30,000 டொலரைத் தாண்டுகிறது. படிப்புக் கட்டணத்தையும், இங்கே ஈடு வைத்த காணியின் வட்டியையும் பகுதி நேர வேலையில் பிள்ளை கட்டிவிடும் என்று எந்த முகவராவது சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன் வைத்துக் கேளுங்கள்.

கட்ட முடியாத கடனோடு போகும் பிள்ளை 48 மணித்தியாலத்தைத் தாண்டும். தாண்டிய பிள்ளை முறையிடாது. அனுப்பும் முன்பே முதல் இரண்டு வருடத்துக்கான கட்டணம் எங்கிருந்து வரும் என்று வீட்டில் எல்லோரும் இருந்து பேசுங்கள். பதில் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போடுவதில் குறைவில்லை.

பிள்ளை இப்போது அங்கே இருந்தால் அடுத்த அழைப்பில் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

சம்பளச் சிட்டை ஒழுங்காக வருகிறதா? அதில் உள்ள மணித்தியாலமும் செய்த மணித்தியாலமும் ஒன்றா?

சுப்பர் கணக்கில் காசு சேருகிறதா என்று பார்த்தாயா?

வேலை செய்த நாளையும் நேரத்தையும் தனியே ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறாயா?

உன் கடவுச்சீட்டு உன்னிடம்தான் இருக்கிறதா?

யாராவது உன்னை வெருட்டுகிறார்களா?

கடைசிக் கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால் கோபிக்காமல் காத்திருங்கள். சம்பளப் பிரச்சினைகளைக் கவனிக்க ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மன் என்ற அரச அலுவலகம் இருக்கிறது. அவுஸ்திரேலியாவுக்குள் 13 13 94 என்ற இலக்கத்தில் பேசலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்கினால் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். ஆறு வருடத்துக்கு உட்பட்ட சம்பள பாக்கியைக் கோர முடியும் என்பதால், "அது பழைய கதை" என்று விட்டுவிடவும் தேவையில்லை.

மட்டக்களப்பு வாசகிக்கு ஒரு வார்த்தை. அம்மா, உங்கள் மகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அந்த 26 டொலரை நட்டமென்று எண்ண வேண்டாம். அந்த நாட்டில் உங்கள் மகள் தன் பெயரில், தன் நேரத்துக்கு, உரிய கூலிக்கு வேலை செய்தார் என்பதற்கு அரசாங்கமே வைத்திருக்கும் பதிவு அது. முடிந்தால் பக்கத்து அறைப் பிள்ளைக்கும் இந்த இதழைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கும் ஊரில் ஒரு தாய் இருப்பார்.